ஒப்பந்தம் கையில், சம்பளம் எங்கே? மலேசியக் காற்பந்து ஆட்டக்காரர்களின் பணப் பிரச்சினை: ஒரு விளக்கம்

2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. ஜே.டி.டி. என்று நாம் அழைக்கும் ஜொகூர் டாருல் தாக்சிமை எதிர்த்து ஆடிய குழு ஸ்ரீ பகாங். அடுத்த சீசன் தொடங்கியபோது அந்தக் குழு சூப்பர் லீக்கிலேயே இல்லை. விலகிவிட்டது. பேராக்கும் விலகியது. கெடா டாருல் அமான் விலகவில்லை, ஆனால் சம்பளப் பாக்கி விவகாரத்தில் சிக்கியிருந்த அந்தக் குழுவுக்கு 2025/26 சீசனுக்கான உரிமம் கிடைக்கவில்லை.

ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள். மூன்றும் நேற்று முளைத்தவை அல்ல. 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மூன்று கிண்ணங்களையும் அள்ளிய குழு கெடா. பேராக் 2018-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. இவை இல்லாமல், 13 குழுக்களோடு 2025/26 சீசன் ஆரம்பமானது. அதிலும் ஒன்று புருணையிலிருந்து வந்த டி.பி.எம்.எம்.

விளையாட்டுச் செய்தியாக இதைப் படித்தால் "அடடா, பழைய குழுக்கள் போச்சே" என்று தோன்றும். வேலைச் செய்தியாகப் படித்துப் பாருங்கள். ஆட்டக்காரர், பயிற்றுநர், உடலியக்கச் சிகிச்சையாளர், ஜெர்சி துவைத்து அடுக்குபவர் என எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் வேலை தேட வேண்டிய நிலை. அவர்களில் சிலருக்குப் பழைய மாதங்களின் சம்பளமே இன்னும் வரவில்லை.

இது எப்படி நடக்கிறது? சம்பளம் வராத ஆட்டக்காரர் என்ன செய்ய முடியும்? ஏன் யாரும் வேலைநிறுத்தம் செய்வதில்லை?

என்.பி.ஏ.வில் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள்?

பங்சாரில் காலை நேரத்தில் மாமாக் கடையில் உட்கார்ந்தால், ரொட்டி சானாய் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து என்.பி.ஏ. பார்க்கும் யாராவது ஒருவர் கண்ணில் படுவார். அமெரிக்காவில் இரவு ஆட்டம், நமக்குக் காலை. விளையாட்டாளர்களின் தொழில் தகராறு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவதும் அந்தக் கூடைப்பந்து லீக்தான். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

2011 ஜூலை 1 முதல் டிசம்பர் 8 வரை என்.பி.ஏ. மூடிக் கிடந்தது. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, முதலாளிகள்தான் கதவைச் சாத்தினார்கள். இதற்குப் பெயர் கதவடைப்பு. வேலைநிறுத்தம் தொழிலாளி கையில் உள்ள ஆயுதம், கதவடைப்பு முதலாளி கையில் உள்ளது. அந்த சீசனில் 82 ஆட்டங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு குழுவும் 66 ஆட்டங்கள்தான் ஆடின.

சண்டை எதைப் பற்றி? லீக்குக்கு வரும் மொத்தக் கூடைப்பந்து வருமானத்தில் ஆட்டக்காரர்களின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி. அதுவரை 57 விழுக்காடு. கடைசியில் 49 முதல் 51 விழுக்காடு என்று முடிந்தது. கேட்பதற்குச் சின்ன எண்கள் மாதிரி இருக்கும், ஆனால் அன்றைய கணக்கில் ஒரு விழுக்காடே ஏறக்குறைய 4 கோடி டாலர்.

இன்னொரு ஏற்பாடும் அங்கே உண்டு. ஆட்டக்காரரின் சம்பளத்தில் 10 விழுக்காடு வரை தனிக் கணக்கில் பிடித்து வைக்கப்படும். சீசன் முடிவில் மொத்தச் சம்பளம், பேசி முடித்த பங்கைத் தாண்டியிருந்தால் அந்தப் பணம் முதலாளிகளுக்குப் போகும். தாண்டவில்லை என்றால் ஆட்டக்காரருக்கே திரும்பும். இப்படிச் செய்ய வேண்டுமென்றால் வருமானம் எவ்வளவு என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? என்.பி.ஏ.வில் அந்தக் கணக்கு தணிக்கை செய்யப்படுகிறது. ஆட்டக்காரர் சங்கமும் அதைப் பார்க்கும்.

இது தானாக வந்த சலுகை இல்லை. 1964 ஜனவரியில் பாஸ்டனில் நட்சத்திர ஆட்டம் நடக்க வேண்டிய இரவு. தொலைக்காட்சி தயார், அரங்கில் கூட்டம் தயார். ஆட்டக்காரர்கள் மட்டும் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. பில் ரசல், ஆஸ்கார் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர் எல்லாரும் உள்ளே. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி கொடுத்தால்தான் ஆடுவோம் என்றார்கள். லீக் தலைவர் வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. அவர்களின் சங்கம் அதற்கும் பத்தாண்டுக்கு முன்பே, 1954-இல், தொடங்கப்பட்டிருந்தது.

ஆக, அங்கே சண்டை "இருக்கிற பணத்தை எப்படிப் பிரிப்பது" என்பது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கே இன்னும் போகவில்லை. கையெழுத்துப் போட்ட சம்பளத்தை மாதக் கடைசியில் கொடுக்கிறார்களா என்ற இடத்திலேயே நிற்கிறோம்.

நம் ஊரில் பணம் எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1989 வரை மலேசியக் காற்பந்து பெயரளவில் அமெச்சூர் விளையாட்டு. ஆட்டக்காரருக்கு அரசு இலாகாவிலோ வங்கியிலோ ஒரு வேலை இருக்கும். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. 1989-இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது, 1994-இல் முழுத் தொழில்முறை. அப்பா, தாத்தா தலைமுறையில் "அவன் ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டே பந்து ஆடினான்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆபீஸ் வேலைதான் அன்றைய காப்பு. தொழில்முறை ஆனபோது அந்தக் காப்பு போனது, சம்பளம் ஏறியது. ஆனால் சம்பளம் கொடுக்கும் இடம் பெரிதாக மாறவில்லை.

அந்த இடம் பெரும்பாலும் மாநிலம். குழு என்பது மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் குழு, சங்கத்தின் தலைமையில் அரசியல் தலைவர் அல்லது அரண்மனையைச் சேர்ந்தவர், பணம் மாநில அரசின் ஒதுக்கீட்டிலிருந்தும் மாநில நிறுவனங்களின் ஆதரவிலிருந்தும். டிக்கெட் விற்று, ஜெர்சி விற்று, தொலைக்காட்சி உரிமை விற்று அதில் சம்பளம் கொடுக்கும் குழுக்கள் மிகக் குறைவு. ஆட்சி மாறினாலோ ஆதரவாளர் மனம் மாறினாலோ சம்பளம் நின்றது.

இதை மாற்றத்தான் சங்கங்களிலிருந்து குழுக்களைப் பிரித்து நிறுவனங்களாக்கச் சொன்னார்கள். 2021 சீசனுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு. அதனால்தான் "எஃப்.ஏ." என்று முடிந்த பெயர்கள் "எஃப்.சி." ஆனது. பெயர்ப்பலகை மாறியது உண்மை. வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மட்டும் பல இடங்களில் ஒரே பதில்: ஒரு முதலாளி வருவார். அவர் வந்தார், ஆசைப்பட்டார், பெரிய பெயர்களை வாங்கினார், இரண்டாவது மூன்றாவது ஆண்டில் களைத்துப் போனார். பல ஊர்களில் கதை கிட்டத்தட்ட இதேதான்.

ஒளிபரப்புப் பணமாவது கைகொடுத்திருக்க வேண்டும். 2018-இல் டெலிகோம் மலேசியா எட்டு ஆண்டுக்கு 48 கோடி ரிங்கிட் என்ற ஒப்பந்தத்தோடு வந்தது. பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது 2019-இலேயே முறிந்தது. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் பேசியவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். என்.பி.ஏ.வில் வருமானத்தைப் பார்த்துத்தான் சம்பள உச்சவரம்பு வைக்கிறார்கள். இங்கே ஆண்டுத் தொடக்கத்தில் சம்பளத்தைப் பேசிவிட்டு, அதற்கான வருமானத்தைப் பிறகு தேடுகிறார்கள். சம்பளப் பாக்கி என்பது பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட நாளிலேயே பிறந்துவிடுகிறது.

பக்கத்து ஊரில் நடந்தது

பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்தில் கெலானா ஜெயா பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். எம்.பி.பி.ஜே. அரங்கம் இருக்கும் வட்டாரத்துக்கே கொண்டுபோய் விடும். 2019 முதல் 2022 வரை அங்கே சூப்பர் லீக் ஆட்டம் நடந்தது. ஆடிய குழு பெட்டாலிங் ஜெயா சிட்டி. பலருக்கு அதன் பழைய பெயர் சொன்னால் உடனே புரியும்: மிஃபா. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழியாக வளர்ந்து, கீழ் லீக்கிலிருந்து பிரீமியர் லீக், அங்கிருந்து சூப்பர் லீக் என ஏறி வந்த குழு. பி.மணியம் பயிற்றுநராக இருந்த காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல், உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்தே சூப்பர் லீக்கில் ஆடியது. எதிர்க் குழுக்களில் பிரேசில்காரரும் ஆப்பிரிக்கரும் ஓடிக்கொண்டிருந்தபோது, இது சாதாரண முடிவு இல்லை.

2022 சீசன் முடிந்ததும் நிர்வாகம் லீக்கிலிருந்து விலகியது. உரிமம் பறிக்கப்படவில்லை, தானாகவே விலகியது. அதே நேரத்தில் சரவாக் யுனைடெட், மலாக்கா யுனைடெட் இரண்டுக்கும் 2023-க்கான உரிமம் கிடைக்கவில்லை. 18 குழுக்களாக விரியும் என்று பேசப்பட்ட சூப்பர் லீக், 14 குழுக்களோடு ஆரம்பித்தது.

பி.ஜே. சிட்டியின் கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பாக்கி வைத்த குழுக்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். ஆனால் பாக்கிக்காக உரிமம் இழக்காத குழுவும் ஒரு நாள் கதவை மூடலாம். நிர்வாகத்தின் முடிவு அது, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆட்டக்காரர் பக்கம் நின்று பாருங்கள்: ஓராண்டு ஒப்பந்தம், அடுத்த ஆண்டு குழுவே இல்லை, அதே மாதத்தில் மலாக்காவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் அவரைப் போலவே வேலை தேடி வரும் ஆட்டக்காரர்கள். இந்தச் சந்தையில் யார் நல்ல சம்பளம் பேச முடியும்?

நகரத்தின் இன்னொரு பக்கத்தில், செராஸில், கோலாலம்பூர் சிட்டி. 2021 நவம்பரில் ஜே.டி.டி.யை 2-0 என்று வீழ்த்தி, 1989-க்குப் பிறகு முதல்முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த ஆண்டு ஏ.எஃப்.சி. கிண்ண இறுதியாட்டம் வரை போனது. அதற்குப் பிறகு அந்தக் குழுவின் பெயர் சம்பளப் பாக்கிச் செய்திகளிலும் அடிபடத் தொடங்கியது. திடலில் வெற்றி வந்தால் பணம் தானாக வரும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கூடைப்பந்திலும் நமக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. 2009-இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் கோலாலம்பூரைத் தளமாகக் கொண்டு டிராகன்ஸ் குழு ஆடியது. கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி 2016-இல் வெற்றியாளர் பட்டத்தையும் வென்றது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து சீசன் பாதியில் நின்றது, பிறகு ரத்தானது. ஊரில் ஒரே ஒரு தொழில்முறைக் குழு, அதற்கு ஒரே ஒரு லீக். அது நின்றால் ஆட்டக்காரர் போய்ச் சேர இன்னொரு இடம் கிடையாது.

சம்பளம் வரவில்லை. இப்போ என்ன?

உலகக் காற்பந்து விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. 2018-இல் ஃபிஃபா சேர்த்த விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிறுத்தப்பட்டால் ஆட்டக்காரர் குழுவுக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் பணம் முழுமையாக வராவிட்டால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இழப்பீடும் கேட்கலாம். இந்த "எழுத்து மூலம்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மேலாளரிடம் வாட்ஸ்அப்பில் "போஸ், காஜி எப்போ வரும்?" என்று கேட்டது அறிவிப்பு ஆகாது.

வெளிநாட்டு ஆட்டக்காரர் நேராக ஃபிஃபாவுக்குப் போகலாம். ஃபிஃபா தீர்ப்புக் கொடுத்தும் குழு பணம் கட்டாவிட்டால், புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். அந்தத் தடை குழுவுக்கு வலிக்கும். உள்ளூர் ஆட்டக்காரரின் வழக்கு மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தகுதிக் குழுவுக்குப் போகும். அங்கே அவருடைய ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது மிகவும் முக்கியம்.

இதனால் ஒரு விநோதம் நடக்கிறது. கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கும் ஒரு குழு, யாருக்கு முதலில் கொடுக்கும்? அதிகமாகப் பயமுறுத்தக்கூடியவருக்கு. வீடு, மனைவி, பிள்ளை, கார் கடன் எல்லாம் இதே ஊரில் இருக்கிற உள்ளூர்ப் பையன் "பரவாயில்லை, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று காத்திருப்பான். அவன் மேல் அனுதாபம் எல்லாருக்கும் உண்டு. வங்கிக்கு மட்டும் கிடையாது. மூன்று மாதம் கார் தவணை கட்டாதவரின் கடன் பதிவில், "குழு சம்பளம் கொடுக்கவில்லை" என்று எந்தக் குறிப்பும் இருக்காது.

சரி, விதி இருக்கும்போது ஏன் முறித்துக்கொண்டு போவதில்லை? முதல் காரணம் நாட்காட்டி. ஆட்டக்காரர் பதிவுக்கு ஆண்டில் குறிப்பிட்ட காலம்தான் திறந்திருக்கும். அதற்கு வெளியே ஒப்பந்தம் முறிந்தால் வேறு குழுவில் சேருவது எளிதல்ல, வீட்டில்தான் உட்கார வேண்டும். அடுத்தது பெயர். சின்ன ஊர், சின்ன லீக், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "பிரச்சினை பண்றவன்" என்று ஒரு முறை பெயர் வந்தால் அடுத்த ஆண்டு தொலைபேசி ஒலிக்காது என்ற பயம். இதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும்: போய்விட்டால் பழைய பாக்கியும் போய்விடும், இருந்தால் என்றாவது கிடைக்கும்.

குழு நடத்திய நிறுவனமே மூடப்பட்டால் விஷயம் இன்னும் சிக்கல். கடன்காரர்களின் வரிசையில் ஆட்டக்காரரும் நிற்க வேண்டும். சில காலம் கழித்து அதே நிறம், அதே அரங்கம், அதே ரசிகர்களோடு புதுப் பெயரில் ஒரு நிறுவனம் வரலாம். "பழைய கடனா? அது வேற கம்பெனி" என்று சொல்லலாம். உலகம் முழுக்க நடந்த தந்திரம் இது. அதனால் ஃபிஃபா ஒழுங்கு விதிகளில் 2019-இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பழைய குழுவின் விளையாட்டு வாரிசு என்று கருதப்படும் புதிய குழுவும் அந்தக் கடனுக்குப் பொறுப்பாகும். பெயர், நிறம், சின்னம், அரங்கம், ஆட்டக்காரர்கள், உரிமையாளர் என எல்லாவற்றையும் பார்த்து இதை முடிவு செய்வார்கள். இனி ஏதாவது ஒரு பழைய குழு புதிய பெயரில் திரும்பி வரும்போது, ஜெர்சி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதோடு இதையும் யோசித்துப் பாருங்கள்.

சங்கம் இருக்கு, வேலைநிறுத்தம் ஏன் இல்லை?

மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. சுருக்கமாக பி.எஃப்.ஏ.எம். அதன் தலைமை நிர்வாகி இஸாம் இஸ்மாயிலின் பெயரைச் சம்பளப் பாக்கிச் செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அறிக்கை விடுவது, வழக்குக்கு உதவுவது, குழுவோடு பேசுவது என்று வேலை நடக்கிறது. ஆனால் என்.பி.ஏ. சங்கத்திடம் இருப்பது போல, லீக் முழுவதையும் கட்டுப்படுத்தும் கூட்டு ஒப்பந்தம் அதன் கையில் இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தனித்தனியாகப் பேசுகிறார், தனித்தனியாகக் கையெழுத்துப் போடுகிறார், தனித்தனியாகத்தான் அவதிப்படுகிறார்.

கூட்டாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினைப் பாருங்கள். 2011 ஆகஸ்டில் அங்கே சுமார் 200 ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 5 கோடி யூரோ சம்பளம் பாக்கி. கிட்டத்தட்ட நம் பிரச்சினையேதான். பாக்கி இருந்தது பெரும்பாலும் சின்னக் குழுக்களில். ஆனால் வேலைநிறுத்த அறிவிப்பு நாளில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா நட்சத்திரங்களும் சங்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஒரு காசு பாக்கி இல்லை. லா லீகாவின் முதல் சுற்று ஆட்டங்கள் தள்ளிப்போயின. லீக் பேச்சுவார்த்தைக்கு வந்தது, சம்பள உத்தரவாத நிதி பற்றிய உடன்பாடு பிறந்தது.

நம் லீக்கில் ஜே.டி.டி. ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம் என்ற நிலை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் தேசிய ஆட்டக்காரர்கள், பாக்கி உள்ள குழுவின் ஆட்டக்காரர்களுக்காக ஒரு வாரம் பூட்ஸைக் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்பது இதுவரை சோதிக்கப்படாத கேள்வி.

பாக்கியும் சூதாட்டமும்

இதைச் சொல்லாமல் போக முடியாது. 1990-களின் நடுவில் மலேசியக் காற்பந்தை உலுக்கிய ஆட்ட நிர்ணய விவகாரம் உங்கள் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள். அரங்குகள் காலியாகின. பழைய ரசிகர்கள் பலர் அப்போது போனவர்கள்தான், திரும்பி வரவே இல்லை.

உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2012-இல் கிழக்கு ஐரோப்பாவில் 3,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் ஆய்வு நடத்தியது. 41 விழுக்காட்டினருக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. சம்பளம் தாமதமான ஆட்டக்காரர்களைத்தான் தரகர்கள் அதிகமாக அணுகியிருந்தார்கள். 2016-இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 பேரிடம் கேட்டபோதும், முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளத் தாமதத்தைச் சந்தித்தவர்கள் 41 விழுக்காடு. அதே ஆய்வில், மாதம் 1,000 டாலருக்கும் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் 45 விழுக்காடு.

சம்பளம் வராதவர்கள் எல்லாரும் விலைபோகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆனால் தரகருக்கு யார் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிகிறது. அந்தக் கதவை அடையாளம் காட்டுவது சம்பளம் கொடுக்காத நிர்வாகம்.

"காசு வந்தப்போ சேர்த்து வைக்கல"

விளையாட்டாளர் பணக்கஷ்டம் என்றதும் ஊரில் முதலில் வரும் வசனம் இது. இந்த எண்ணத்துக்கு என்.பி.ஏ. கதைகளும் ஒரு காரணம். அண்டுவான் வாக்கர் தன் ஆட்ட வாழ்க்கையில் 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர். 2010-இல் திவால் மனு கொடுத்தார். கார், வீடு, சூதாட்டம், நண்பர் பட்டாளம், சரிந்த வீட்டுமனை முதலீடு. கேட்கவும் சொல்லவும் சுவையான கதை. ஏலன் ஐவர்சனுக்கு ரீபொக் நிறுவனம் 3 கோடி டாலரைத் தனி நிதியில் போட்டு வைத்திருப்பதும், 55 வயதாகும்போதுதான் அது அவர் கைக்கு வரும் என்பதும் இணையத்தில் அடிக்கடி சுற்றும் செய்தி.

அந்தக் கதைகளை அப்படியே எடுத்து நம் ஆட்டக்காரர் மேல் ஒட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. வாக்கருக்குச் சம்பளம் வந்தது. மூன்று ஆண்டு ஆடினாலே உரிமையாகும் ஓய்வூதியமும் அந்த லீக்கில் இருக்கிறது. இங்கே ஒருவர் பணத்தை எப்படிச் செலவழித்தார் என்று கேட்பதற்கு முன்னால், பணம் அவர் கைக்கு வந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 4,000 ரிங்கிட் சம்பளம், ஆறு மாதப் பாக்கி என்று வையுங்கள். சம்பளம் மட்டும் 24,000. இதில் ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இ.பி.எஃப்.க்கு, ஆட்டக்காரரின் பங்கு 11 விழுக்காடு, மாதம் 440. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, மாதம் 520. ஆறு மாதத்தில் இரண்டும் சேர்ந்து 5,760 ரிங்கிட். 24 வயதில் சேமநிதியில் விழுந்திருந்தால் 55 வயது வரை இலாப ஈவோடு வளர்ந்திருக்க வேண்டிய பணம் அது. சம்பளப் பாக்கி கேட்டுச் சண்டை போடுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். கடைசியில் "மூன்று மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு" என்று சமரசம் பேசும்போது, முதலில் காணாமல் போவது சேமநிதியும் சொக்சோவும்தான்.

சம்பளத்திலிருந்து சேமநிதிக்கென்று பிடித்துவிட்டு வாரியத்தில் கட்டாமல் இருப்பது குற்றம். அது ஆட்டக்காரருக்கு மட்டும் பொருந்தும் சட்டமில்லை. பிரிக்பீல்ட்ஸில் கணக்காளர் அலுவலகத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தவருக்கும், பங்சார் கஃபேயில் வேலை செய்பவருக்கும் பொருந்தும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்படுகிறது என்பதற்காகப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து, மாதாமாதம் இரண்டு பங்கும் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் வாரியத்திடம் புகார் செய்யலாம். தொழிலாளர் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாவது நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஆட்டக்காரர் ஒப்பந்தங்களில் "ஊழியர்" என்று எழுதியிருக்கிறதா, "சுயேச்சை ஒப்பந்தக்காரர்" என்று எழுதியிருக்கிறதா என்பதில் பாதி வழக்கு தங்கிவிடும். கிராப் ஓட்டுபவருக்கும் பகுதிநேரப் பயிற்றுநருக்கும் இது பழகிய தலைவலி.

இப்போது லீக் கையில் என்ன இருக்கிறது?

உரிமம்தான். மலேசியக் காற்பந்து லீக் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் குழுக்களின் நிதிக் கணக்கைப் பார்க்கிறது. பாக்கியைத் தீர்த்ததற்கோ, தவணையில் தீர்ப்பதாக ஆட்டக்காரரோடு உடன்பட்டதற்கோ ஆதாரம் கேட்கிறது. சீசன் நடுவில் தவறினால் புள்ளிகளைக் கழிக்கலாம், கெடாவுக்கு அப்படிக் கழிக்கப்பட்டது. கடைசி ஆயுதம் உரிமத்தையே மறுப்பது. முன்பெல்லாம் "பாரம்பரியக் குழு, ரசிகர்கள் அதிகம்" என்று விட்டுக்கொடுத்தார்கள். 2025-இல் கெடாவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்தத் தண்டனைகள் யார் மேல் விழுகின்றன என்று பாருங்கள். மூன்று மாதமாகச் சம்பளம் வராத ஒருவர் மழையில் ஓடி, ஆட்டத்தை வென்று, மூன்று புள்ளி எடுக்கிறார். அடுத்த வாரம் அவருடைய சம்பளத்தை நிர்வாகம் கொடுக்கவில்லை என்பதற்காக அந்த மூன்று புள்ளியும் கழிக்கப்படுகிறது. அவருடைய ஒப்பந்தத்தில் குழுவின் இடத்தைப் பொறுத்து ஊக்கத்தொகை என்று ஒரு வரி இருந்தால், அதுவும் அன்றோடு போனது.